பிரசவ வீட்டு ஆந்தை

நளினியின் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அவள் அம்மா பிரேமாவதி ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள், நடுவில் ஓர் ஆந்தை வந்து உட்காராமல் இருந்திருந்தால்.

கல்யாணமாகி ஏழு வருஷம். நளினிக்கும் அவள் கணவன் புவனேஸ்வரனுக்கும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்டு மாற்றி ஷிப்டு ஓடிக்கொண்டே அவர்கள் ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இரண்டு முறை கரு தங்காமல் போனது. இரண்டாவது முறை போனபோது நளினி அழக்கூட இல்லை என்பதைத்தான் பிரேமாவதியால் இன்னும் மறக்க முடியவில்லை. இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம் பிறந்து, வளைகாப்பும் முடிந்துவிட்டது. பிள்ளை கைக்கு வரும்வரை மகளைத் தன் கண்முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். பிரேமாவதிக்கு அந்த வருஷம் வேறு எந்த ஆசையும் இல்லை.

பாலிங் போகிற சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் புக்கிட் செராய் எஸ்டேட். வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங், தண்ணீர் ஓடுகிற பெரிய வாய்க்கால். அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. வாய்க்காலுக்கும் முதல் செம்பனைக்கும் நடுவே, ஓர் உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி ஒன்று. அதுதான் ஆந்தையின் வீடு.

வளைகாப்பு முடிந்து விருந்தாளிகள் கிளம்பிக்கொண்டிருந்த அந்திப் பொழுதில்தான் சம்மந்தி செல்லாயி அதை முதன்முதலாகக் கேட்டாள். பழைய சேலையை யாரோ ஒரே இழுப்பில் கிழித்தது போல ஒரு சத்தம். கையில் இருந்த வளையல் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"என்னா சம்மந்தி அது?"

"ஆந்த. எலி புடிக்கறதுக்குன்னு எஸ்டேட்ல பெட்டி வச்சிருக்காங்க."

"ஆந்தைக்கு வீடு கட்டிக் குடுத்துருக்காங்களா! மலாய்க்காரங்களே அத பூரோங் ஹந்துன்னுதான் சொல்றாங்க. பேய்ப் பறவ! புள்ளத்தாச்சி படுக்கப்போற வூட்டுக்குப் பின்னால பேய்ப் பறவையா? ஏழு வருசம் காத்திருந்தது இதுக்குத்தானா?" செல்லாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஒன்னும் சொல்லல சம்மந்தி. ஒன்னு அது போவணும். இல்லாட்டி நளினி எங்கூட கூலிம்லயே இருக்கட்டும்."

செல்லாயி பொல்லாதவள் இல்லை. பயந்தவள், அவ்வளவுதான். அந்தப் பயம் பிரேமாவதிக்கும் இருந்தது. சொல்லப்போனால் இரண்டு மடங்கு இருந்தது. அதற்குக் காரணம் அவள் புருஷன் முருகையா.

போன வருஷ மழைக்காலத்தில் பின்னால் இருந்த லோங்காங் அடைத்துக்கொண்டது. எஸ்டேட் ஸ்டோரில் காவல் வேலை பார்க்கும் முருகையா, குதிகாலில் வெடிப்பு இருப்பதை மறந்து, வெறுங்காலோடு இறங்கிக் குப்பையை வாரிப் போட்டார். கொஞ்ச நாளில் காய்ச்சல். பிறகு கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்று, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மனுஷனுக்குப் பாதி உயிர்தான். எலிக்காய்ச்சல் என்றார்கள் டாக்டர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்ததால் வந்ததாம். அந்தப் புண்ணியவான்கள் எப்படியோ இழுத்துப் பிடித்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

ஆனால் முருகையா படுப்பதற்கு முந்தின வாரம் முழுக்க, சாயங்காலம் ஆனால் ஓர் ஆந்தை அவர்கள் கூரை முகட்டில் வந்து உட்கார்ந்து கத்தியது. அதை வரிசை முழுக்கப் பார்த்தது. டாக்டர் என்ன சொன்னால் என்ன, வரிசைக்காரர்களின் தீர்ப்பு வேறு. எலி வெறும் சாக்கு, ஆளைக் கூப்பிட வந்தது ஆந்தைதான். முருகையாவே அப்படித்தான் நம்பினார். பிழைத்து வந்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அது கூப்புட்டுச்சு, நான் போவல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஸ்டேட்டில் பிரேமாவதியின் வேலையே எலிக்கு மருந்து வைப்பது. மெழுகுக் கட்டி போன்ற மருந்தை வாளியில் எடுத்துக்கொண்டு, செம்பனை அடியில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் அங்கே இந்த வேலையே கிடையாது. செம்பனை வந்தது. வருஷம் முழுக்கப் பழம் பழுத்தது, வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கி வைத்தார்கள். எலிக்குச் சோறும் ஆயிற்று, வீடும் ஆயிற்று. அது சும்மா இருக்குமா? பெருகியது. மருந்து வைத்தார்கள். கொஞ்ச காலம் செத்தது. பிறகு அந்த மருந்தை மிட்டாய் மாதிரி தின்றுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனது. சரி என்று கம்பம் நட்டுப் பெட்டி வைத்தார்கள். ஆந்தையை யாரும் விலைக்கு வாங்கி வந்து விடவில்லை. எலி இருப்பது தெரிந்து தானாக வந்தது, பெட்டி கிடைத்ததும் தங்கிவிட்டது. மனிதன் ஒன்றைச் செய்தால் காடு இன்னொன்றைச் செய்யும். இரண்டுக்கும் இடையே வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் பிரேமாவதி.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும்தான். தெரிந்தது வேறு, நடுங்குவது வேறு. மறுநாள் காலையிலேயே அசிஸ்டென்ட் மேனேஜர் சிவநேசன் முன்னால் போய் நின்றாள். சுங்கை பட்டாணிக்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், சாதுவான ஆள். பெட்டிகள் வைக்க மேலிடத்தில் மன்றாடி அனுமதி வாங்கியதும் அவர்தான்.

"சார், அந்தப் பெட்டிய எடுத்துருங்க சார். எம் மவ வர்றா. என்னால வேற ஒன்னும் சொல்லத் தெரியல."

சிவநேசன் எதிர்த்துப் பேசவில்லை, எஸ்டேட் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்த பிரேமாவதிக்கு அது என்னவோ போல் இருந்தது.

"முட்டை இருந்தா தொட ஏலாது அக்கா. இல்லாட்டி அந்தக் கடைசிப் பள்ளத்துப் பக்கம் மாத்தி வைக்கச் சொல்றேன். எனக்கு ஆந்தையும் வேணும், நீங்களும் வேணும்."

பிரேமாவதியின் தம்பி குணாளன் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவன். ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். முட்டை இல்லை. கொஞ்சம் இறகும் ஓர் எலி வாலும்தான் கிடந்தன. அன்றைக்கே கம்பத்தைப் பெயர்த்து டிராக்டரில் கட்டி, எஸ்டேட்டின் மறுகோடியில் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தான். பிரேமாவதி செல்லாயிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் நளினி பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள்.

எத்தனை நல்ல நாட்கள் அவை! நளினி கேட்டதையெல்லாம் பிரேமாவதி ஆக்கிப் போட்டாள். கேட்காததையும் ஆக்கிப் போட்டாள். முருகையா பாசாரில் மீன் வாங்கப் போனால் தஞ்சோங் டாவாயிலிருந்து அன்றைக்கே வந்ததா என்று கடைக்காரனைக் குறுக்கு விசாரணை செய்தார். அந்தியில் சத்தம் இல்லை. வீடு நிம்மதியாகத் தூங்கியது.

முதலில் சமையலறையில் ஒரு சோப்புக்கட்டி காணாமல் போயிற்று. பிறகு அரிசி மூட்டையின் மூலையில் ஓர் ஓட்டை. பிறகு கூரைக்குள் ஓட்டப்பந்தயம். வீட்டுப் பூனை ஒருநாள் ஓர் எலியை எதிரே பார்த்தது, எலியும் பூனையைப் பார்த்தது, வழிவிட்டது பூனைதான்.

"இதுக்குப் பென்சன் குடுத்து அனுப்பிரலாம்" என்றார் முருகையா.

பொறி வைத்தார்கள். ஒன்று மாட்டினால் நாலு வந்தது. எஸ்டேட் முழுக்க மருந்து வைக்கிறவளுக்குத் தன் வீட்டில் வைக்க மனம் வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் கூரைக்குக் கீழே அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதா? ஒருநாள் தொட்டிலுக்காகத் துவைத்து மடித்து வைத்திருந்த சேலையை எடுத்தாள். நடுவில் கடித்துக் குதறி, புழுக்கை. பிரேமாவதி அதை மகள் பார்ப்பதற்குள் சுருட்டிக் கொண்டுபோய் எரித்துவிட்டாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் நளினியின் உடம்பு அனலாகக் கொதித்தது.

பிரேமாவதி முதலில் பார்த்தது மகளின் பாதத்தைத்தான். நளினிக்குக் கால் வீங்கியிருந்ததால் செருப்பு நுழையவில்லை. சில நாட்களாகவே வெறுங்காலோடுதான் பின்கட்டில், லோங்காங் ஓரத்து ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று முகம் கழுவினாள். அந்தத் தரையைத்தான் பிரேமாவதி தினமும் காலையில் எலிப் புழுக்கை போகக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். குணாளனின் காடியில், அந்தப் பழைய காரில், நளினியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். வெளியே உட்காருங்கள் என்றார்கள்.

ஆஸ்பத்திரி நடையின் நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் மாதிரி ஒன்று எதிரிக்கும் வரக்கூடாது. முருகையா பக்கத்தில் உட்கார்ந்து தன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் நான், இந்த வருசம் எம் மவளா?" என்றார். "இந்தத் தடவ ஆந்தகூட கத்தலியே பிரேமா."

பிரேமாவதி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னாங்க சொன்னீங்க?"

"ஆந்த கத்தல. ஆனா காச்ச வந்துருச்சு."

"போன வருசம் அது எதுக்கு நம்ம கூரையில வந்து உக்காந்துச்சு?"

"என்னைக் கூப்புடத்தான்."

"இல்லீங்க." பிரேமாவதி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "மழையில லோங்காங் ரொம்பி எலியெல்லாம் மேல ஏறி வந்துச்சுல்ல? நம்ம வூட்டச் சுத்தி அம்புட்டு எலி. அதப் புடிக்க வந்துச்சுங்க அது. நீங்க கால் வச்ச தண்ணியில இருந்த எலியத்தான் அது தூக்கிட்டுப் போயிட்டு இருந்துச்சு. காச்சலும் எலியால வந்துச்சு, ஆந்தயும் எலியால வந்துச்சு. நாமதான் ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டோம்."

முருகையா மறுபடி தன் குதிகாலைப் பார்த்தார். ஒரு வருஷமாகச் சொல்லி வந்த பெருமைக் கதை கையைவிட்டுப் போகிற வருத்தம் கொஞ்சம் முகத்தில் தெரிந்தது.

"அப்ப அது நம்ம ஆளா?"

"நம்ம ஆளத்தான் டிராக்டர்ல கட்டித் தொரத்திவிட்டோம்."

மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா கூப்பிட்டார். எலிக்காய்ச்சல் இல்லை, சாதாரணச் சளிக்காய்ச்சல், பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எல்லாரும் கேட்கும்படி பெரிதாக வைத்தார். குதிரை ஓடுவது மாதிரி கேட்டது. பிரேமாவதி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே சிவநேசனுக்குப் போன் போட்டாள். பெட்டி திரும்ப வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்டாள்.

"சார், மருந்து தின்ன எலிய ஆந்த தின்னா அதுவும் செத்துரும்ல? அந்தப் பெட்டியச் சுத்தி நான் மருந்து வைக்க மாட்டேன் சார். திட்டுனாலும் பரவால்ல."

"திட்ட மாட்டேன் அக்கா. எல்லாப் பெட்டியைச் சுத்தியும் நிறுத்தத்தான் நானும் மேலே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்க வீட்டுப் பக்கம் முதல்ல நிறுத்துவம்."

குணாளன்தான் முணுமுணுத்தான். "க்கா, ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுலா. ஆந்தைக்கு வூடு மாத்துற லோரியா நானு?" சொல்லிக்கொண்டேதான் கம்பத்தைப் பழைய குழியில் இறக்கி மண் தள்ளினான்.

ஆந்தை உடனே வந்துவிடவில்லை. ஒவ்வொரு அந்தியிலும் பிரேமாவதி பின்வாசலில் நின்று காலிப் பெட்டியைப் பார்த்தாள். முன்பு எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாளோ அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முருகையா சும்மா இருக்கவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு லோங்காங்கைச் சுத்தம் செய்தார், வீட்டோரம் அடுக்கியிருந்த மட்டைகளை இழுத்துத் தூரப் போட்டார், அரிசியை மூடி போட்ட டின்னுக்கு மாற்றினார். எல்லாவற்றையும் ஆந்தை தலையிலேயே கட்டிவிட முடியாதல்லவா?

ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் அந்தச் சேலை கிழிகிற சத்தம் கேட்டது. பிரேமாவதி கையில் இருந்த கரண்டியோடு வெளியே ஓடினாள். பெட்டியின் மேல் வெள்ளையாக, வெற்றிலை மாதிரி முகத்தோடு உட்கார்ந்து அது அவளைப் பார்த்தது. "வந்துட்டியாப்பா" என்றாள் பிரேமாவதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றல்ல, சோடியாக வந்திருந்தன. வாரங்கள் போகப் போகக் கூரைக்குள் நடந்த ஓட்டப்பந்தயம் குறைந்தது. நளினிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தபோது பொறியில் வைத்த கருவாடு மூன்று நாள் அப்படியே காய்ந்து கிடந்தது.

செல்லாயிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் துணிச்சல் வரவில்லை என்பதுதான் உண்மை. கடைசியில் புவனேஸ்வரன் வாய் தவறி உளறிவிட்டான். மறு சாயங்காலமே அவனைக் காடி ஓட்டச் சொல்லி வந்து இறங்கிவிட்டாள் செல்லாயி. வாசல் படி ஏறும்போதே, "துணிமணிய எடுத்து வைம்மா நளினி" என்றாள். உட்காரக்கூட இல்லை.

"அத்த, நான் போவலியே" என்றாள் நளினி.

"நீ சும்மா இரு. ரெண்டு புள்ளயப் பறிகுடுத்தாச்சு. மூணாவதையும் குடுக்க என்னால முடியாது."

நளினியின் பை கூடத்துக்கு வந்துவிட்டது. பிரேமாவதி எதிர்த்துப் பேசவில்லை. செல்லாயியின் கையைப் பிடித்தாள். "சம்மந்தி, கூட்டிட்டுப் போங்க. தடுக்க மாட்டேன். அதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ எங்கூடப் பின்னால வாங்க."

கம்பத்தடியில் கரிய உருண்டைகள் சிதறிக் கிடந்தன, கட்டைவிரல் பருமனில். ஆந்தை தின்றுவிட்டுச் செரிக்காததைக் கக்கிப் போட்டவை. பிரேமாவதி ஒரு குச்சியால் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே மயிரும் சின்னச் சின்ன எலும்பும், நீளப் பல்லோடு இரண்டு எலி மண்டையும் இருந்தன. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் அப்படியே.

"இவரு சாவக் கெடந்தது இதால சம்மந்தி. இதுங்க நளினி படுக்கற ரூமுக்குள்ள வந்து தொட்டிச் சேலையக் கடிச்சுது. நான் அவகிட்டகூடச் சொல்லல. இந்தப் பெட்டிய எடுத்த பிறகுதான் வந்துச்சு, திருப்பி வச்ச பிறகுதான் போச்சு."

செல்லாயி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு மண்டைகளைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. அவள் பிரேமாவதியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செம்பனைகளுக்கு மேலிருந்து சத்தமே இல்லாத இறக்கையோடு ஒரு வெள்ளை ஆந்தை வந்தது. காலில் ஓர் எலி தொங்கியது. பெட்டி வாசலில் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து இன்னொரு முகம் எட்டிப் பார்த்து, எலியை வாங்கிக்கொண்டு மறுபடி இருட்டுக்குள் போயிற்று. ஆண் ஆந்தை திரும்பப் பறந்தது.

"உள்ள யாரு?" என்றாள் செல்லாயி, தாழ்ந்த குரலில்.

"பொண்டாட்டி. முட்ட மேல உக்காந்திருக்கா. அவ எந்திரிக்கறது இல்ல. இவன்தான் ராத்திரிக்கு ராத்திரி கொண்டாந்து குடுக்கறான்."

செல்லாயி வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஆண் ஆந்தை இரண்டாவது முறையும் வந்தது. இரண்டாவது எலியும் உள்ளே போயிற்று.

"புவனேஸ் பொறந்தப்ப" என்றாள் அவள் கடைசியில், "எங்க ஊட்டுக்காரரு ஒரு கஞ்சித்தண்ணி கொண்டாந்து குடுத்ததில்ல சம்மந்தி."

பிரேமாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லாயிக்கும் வந்தது. சிரித்து முடித்தபோது செல்லாயியின் கண்ணெல்லாம் தண்ணீர். "பயம் சம்மந்தி. வேற ஒன்னும் இல்ல. இந்தப் புள்ளயும் போயிருமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்றாள். பிரேமாவதி அவளைக் கட்டிக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான்" என்றாள்.

உள்ளே வந்ததும் செல்லாயி கூடத்தில் இருந்த பையைத் தூக்கி நளினியின் அறையிலேயே கொண்டுபோய் வைத்தாள். பிறகு புவனேஸ்வரனைப் பார்த்து, "நீ கூலிமுக்குப் போய் என் துணிய எடுத்துட்டு வா. புள்ள பொறக்கற வரைக்கும் நானும் இங்கதான்" என்றாள். அன்றிலிருந்து சமையலறையில் இரண்டு அதிகாரம் நடந்தது. முருகையா மட்டும் அதில் நன்றாகச் சாப்பிட்டார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, ஆஸ்பத்திரி நடையிலேயே பிரேமாவதி தரையில் விழுந்து கும்பிட்டாள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் மழை பெய்து விட்டிருந்தது. ஆரத்தி எடுத்து முடித்து, நளினியைப் படுக்க வைத்து, குழந்தையைச் செல்லாயி மடியில் போட்டார்கள். இருட்டியது. பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இப்போது பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகள் சீறுவதும் சேர்ந்து கேட்டது. குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. அறையில் இருந்த எல்லாரும் செல்லாயியின் முகத்தைப் பார்த்தார்கள்.

செல்லாயி குழந்தையின் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "ஒன்னும் இல்லடி தங்கம். பக்கத்து ஊட்டு அப்பன் சாப்பாடு கொண்டாந்துருக்கான்" என்றாள்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. பிரேமாவதி சத்தம் போடாமல் எழுந்து பின்வாசலுக்குப் போனாள். தேங்காய் உடைத்தும் சூடம் கொளுத்தியும் இத்தனை வருஷம் எத்தனையோ சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். ஆந்தைக்கு எப்படிச் சொல்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் படியில் உட்கார்ந்து, அது அடுத்த எலியோடு திரும்பி வரும் வரை காத்திருந்தாள்.